கொக்கு சார்

மாசி பாதி கழிந்ததும் கல்லாவிப் பக்கம் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் கொக்கு சார் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஊர் வந்து சேர்வார். லீவு லெட்டரில் காரணம் ‘சொந்த அலுவல்’. மச்சினன் கல்யாணத்துக்கு அரை நாள் பர்மிஷன்கூடக் கேட்காத மனுஷன் என்பது அவர் மனைவி இன்றுவரை வாபஸ் வாங்காத வழக்கு.

கொக்கு சார் என்பது ஊர் வைத்த பெயர். இந்த ரகத்து ஆட்கள் இப்போது தாலுகாவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். பாசி நிறச் சட்டை, பிடரியை மூடும் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், தோளில் முழ நீள லென்ஸ். லென்ஸின் விலையில் ஒரு சைபரைக் குறைத்துத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார், இ.எம்.ஐ. இன்னும் ஓடுகிறது. நம்மோடு பேசிக்கொண்டே இருப்பார், பார்வை மட்டும் நம் தலைக்கு மேலே கரண்ட் கம்பியில் இருக்கும். ஒருமுறை சாவு வீட்டில், பந்தலுக்கு மேலே போன நிழலை அண்ணாந்து பார்த்து “வல்லூறு” என்று தழுதழுத்தார். துக்கம் தாளவில்லை என்று நினைத்து பங்காளி ஒருவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

முதல் இரண்டு நாள் பாம்பாறு அணைக்கும் பாரூர் ஏரிக்கும். இந்த மாதம்தான் வேண்டும் என்று அவர் அடம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏறத் தண்ணீர் உள்வாங்கும், கரையோரம் சேறு தெரியும், சேற்றில் உள்ளான்கள் இறங்கும். பனிக்காலத்துக்கு வந்த வடக்கத்திப் பறவைகள் திரும்பிப் போகும் தூரத்துக்கு உடம்பில் கொழுப்பேற்ற வேண்டும். அதனால் காலை முதல் மாலை வரை தலை நிமிராமல் மேயும். ஊருக்குக் குடிதண்ணீர்க் கவலை ஆரம்பிக்கிற நேரம் கொக்கு சாருக்குத் தீபாவளி. “அது பொரி உள்ளான், இது பச்சைக்கால் உள்ளான்” என்று பிரித்துக் காட்டுவார். நம் கண்ணுக்கு இரண்டும் சேற்று நிறத்தில் ஏதோ ஒன்று. தலையாட்டி வைப்பது நல்லது, “எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டவர் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

ஆனால் ஒரு மனுஷன் பேசாமல் நின்று ஏரியையும் காட்டையும் பார்த்தால் இந்தச் சீமையில் அதற்கு இரண்டே அர்த்தம்: ஒன்று பிளாட் போடப் போகிறார்கள், அல்லது சிப்காட் வரப் போகிறது. பக்கத்துப் போச்சம்பள்ளிச் சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபிறகு சந்தேகம் இன்னும் கூர்மையாகிவிட்டது. பாரூர்க் கரையில் ஒரு பெரியவர் நேராகவே வந்து கேட்டார்.

“ஏன் சார், ரோடு எந்தப் பக்கமா வருது?”

“ரோடு இல்லீங்க, பறவை பாக்கறேன்.”

“பாத்து?”

“எழுதி வைப்பேன்.”

“எழுதி?”

“அனுப்பி வைப்பேன்.”

“யாருக்கு?”

“அமெரிக்காவுக்கு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் கணக்கில்தான் உலகம் முழுக்க இந்த ரகத்தார் பட்டியல் ஏற்றுகிறார்கள். ஆனால் அன்று சாயங்காலமே டீக்கடையில் சென்ட் விலை ஏறிவிட்டது. அமெரிக்கக் கம்பெனி வருகிறதாம், ஆபீசர் வந்து ஏரியை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

அந்தக் கணக்கில் கொக்கு சாருக்கு ஒரே மனக்குறை. முழுப் பட்டியல் என்று கொடுத்தால் கண்டதையெல்லாம் எழுத வேண்டும், காக்கையை விடக்கூடாது. லட்ச ரூபாய் லென்ஸ் வழியாகக் காக்கை எண்ணுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கடைசி வரியில் எழுதுவார்.

வியாழக்கிழமை கிருஷ்ணகிரி அணை. காமராசர் 1957-ல் திறந்துவைத்த அணைக்கு மற்றவர்கள் வருவது பூங்காவுக்கும் மீன் வறுவலுக்கும். கொக்கு சார் நீர்க்காகம் மீன் தின்பதைப் பார்த்தே பசியாறுவார். அங்கேதான் பெங்களூர்ப் பதிவெண் காரில் இன்னும் நீளமான லென்ஸோடு இன்னொருவர் வந்து இறங்கினார். இருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்குமுன் ஒருவர் லென்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏதாவது கிடைச்சுதா சார்?”

“பெருசா ஒண்ணும் இல்ல சார். உங்களுக்கு?”

“எனக்கும் அதேதான்.”

இந்த ரகத்தாரின் மொழியில் இதற்கு அர்த்தம், இருவரும் எதையோ பார்த்துவிட்டார்கள் என்பதே. வந்தவர் கிழக்கே போகட்டும் என்று கொக்கு சார் மேற்கே கையைக் காட்டினார். அவர் கிழக்கேதான் போனார்.

சனிக்கிழமை ஓசூர் கெலவரப்பள்ளி அணை. விடிந்தும் விடியாததுமாகக் கீழே ஆற்றில் வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம். “வெண்கொக்கு, சுமார் 200” என்று குறித்துவிட்டு போகஸ் சரி செய்வதற்குள் காற்று வீசியது. கூட்டம் அப்படியே எழும்பிச் சாலையைக் கடந்து தக்காளித் தோட்டத்தில் போய்ப் படிந்தது. பெங்களூர்க் கழிவுநீர் கலந்து வரும் தென்பெண்ணையின் நுரை. கொக்கு சார் 200-ஐ அடித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிறு காலை அஞ்செட்டி சாலை. 2014-ல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட 504 சதுர கிலோமீட்டர்க் காடு அந்தப் பக்கம்தான். பஸ்ஸில் இருந்த எல்லோரும் யானையைப் பார்த்துச் செல்போனைத் தூக்க, கொக்கு சார் மட்டும் பல்லைக் கடித்தார். யானைக்குப் பின்னால் கிளையில் ஒரு மாங்குயில் இருந்ததாம். “சரியான நேரத்துல வந்து மறைச்சிருச்சு சார்.”

மாலை கல்லாவி ஏரிக்கரை. தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிகள் கத்திச் சுற்ற, கூடு இங்கேதான் எங்கேயோ என்று லென்ஸை நீட்டிக்கொண்டு நடந்தார்.

“காலை எடு கண்ணு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆடு மேய்க்கும் பாட்டி.

செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சரளையில், சரளையின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். கூரான முனைகள் நான்கும் நடுவில் கூடியிருந்தன. ஆடு மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் கருவேல முள் போட்டிருந்தாள் பாட்டி. கொக்கு சார் நாலு படம் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார்: “பாட்டி, இந்த இடத்தை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் யாருகிட்டப் போயி சொல்லப் போறேன்? நீதான் அமெரிக்காவுக்கே சொல்லிடறவனாமே!”