நூற்றைம்பது நாட்டுப் பிளக்கும் கட்டாருக்குப் போற தம்பியும்

என்ன மனே, கட்டாருக்குப் போறயாமே? நல்லது. விசா வந்திட்டு, மெடிக்கல் முடிஞ்சிட்டு, சூட்கேசும் கட்டிலுக்கு மேல வாயைப் பிளந்துகொண்டு கிடக்கு. அதுக்குள்ள என்ன சாமான் அது, கறுப்பா, குண்டா? அடப்டரா? நீல வெளிச்சமும் விடுமா? நூற்றைம்பது நாட்டுக்குச் செல்லும் எண்டு பெட்டியில அடிச்சிரிக்கான். என்ன விலை எண்டு நான் கேக்க மாட்டன். உன்ட அம்மாட காதில விழுந்தா அவ தாங்க மாட்டா.

ஒண்டு மட்டும் கேக்கிறன், கோவிக்காத. நீ எத்தினை நாட்டுக்குப் போறாய்? ஒரு நாட்டுக்கு. மிச்ச நூற்றி நாப்பத்தொம்பது நாட்டையும் என்ன செய்யப்போறாய்? லீவுக்கு வரக்குள்ள கடைக்காரனுக்குத் திருப்பிக் குடுப்பியா?

மறுகா இதையும் கேளு. கட்டாரில சுவரில இரிக்கிறது என்ன ஓட்டை தெரியுமா? மூண்டு சதுர ஓட்டை. கரண்ட் 240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். உன்ட வீட்டுக் குசினியில போன வருசம் புதுசா அடிச்ச பிளக் பொயின்ட் என்ன ஓட்டை? அதே மூண்டு சதுர ஓட்டைதான். கரண்டும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்தச் சதுர முள்ளு வெள்ளைக்காரன் 1947இல எழுதிவச்ச கணக்கு. டுபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா, லண்டன் எல்லா இடத்திலயும் அந்தக் கணக்குத்தான். நம்மட செட்டிபாளையத்தில கழட்டின சார்ஜரைக் கட்டாரில கொண்டுபோய்க் கொழுவினாச் சரி. நடுவில இந்த நீல வெளிச்சம் என்னத்துக்கு?

அடப்டர் தேவையெண்டா அது கட்டுநாயக்காவுக்கு அங்கால இல்ல மனே, உன்ட படுக்கிற அறைக்குள்ளதான் தேவை. அங்க இன்னும் பழைய அஞ்சு அம்பியர் உருண்டை ஓட்டைதானே இரிக்கு? இனி நாட்டுக்கு ஒரே பிளக், 13 அம்பியர் சதுர முள் எண்டு 2016இல முடிவெடுத்தாங்க. முடிவு கொழும்பில எடுத்தது. நம்மட சுவருக்கு யார் சொல்றது?

சுவருக்குத் தெரியாட்டிப் பரவாயில்ல, உனக்குத் தெரிய வேணாமா? ரெண்டு முள்ளுப் பிளக்கை சதுர ஓட்டைக்குள்ள எப்பிடி ஏத்துறாய் எண்டு நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கன். மேல் ஓட்டைக்குள்ள பேனாவை விட்டு ஒரு குத்து. கீழ ரெண்டு கதவும் திறக்கும். மறுகா ஒரு அமத்து. கெட்டித்தனம் எண்டு நினைப்பு. மூண்டு முள்ளுப் பிளக்கில மேல் முள்ளு ஏன் மத்த ரெண்டையும் விட நீளம் எண்டு யோசிச்சியா? முதல்ல எர்த் பிடிக்கட்டும், மறுகா கதவு திறக்கட்டும், சின்னப் புள்ளைகள் கம்பி விட்டாலும் கரண்ட் அடிக்காம இருக்கட்டும் எண்டு ஒருத்தன் மூளையைக் கசக்கிச் செஞ்ச வேலை. அந்தப் பிளக்குக்கு உள்ள பியூசும் வச்சிரிக்கான். நீ பத்து ரூபாப் பேனாவால அம்புட்டையும் வெண்டிட்டாய். லூசாக் கொழுவி, உள்ள பொறி பறந்து, பிளாஸ்டிக் கருகின மணம் வந்தாப்பிறகுதான் மின்சார சபையைத் திட்டுவாய்.

சரி, உன்ட கதையை விடு. உன்ட மச்சான் சுவிஸுக்குப் போறானாம். அவனுக்கு அடப்டர் வேணும், நான் இல்லையெண்டு சொல்லல்ல. அங்க மூண்டு உருண்டை முள்ளு, நடு முள்ளு கொஞ்சம் விலகி நிக்கும். ஓட்டையும் அறுகோணமாக் குழிஞ்சு இரிக்கும். மெலிஞ்ச ரெண்டு முள்ளுப் பிளக் போகும். ஜேர்மன்காரன்ட தடிச்ச உருண்டைப் பிளக் போகாது. ‘யூரோப் அடப்டர்’ எண்டு கடைக்காரன் தாறதை அப்பிடியே வாங்கிப் போனா சூரிச்சில முழிக்க வேண்டியதுதான். ஆத்தில இறங்கிறவன் இறாலுக்கு ஒரு வலை, கெழுத்திக்கு ஒரு வலை எண்டு கண் பார்த்துத்தானே எடுப்பான்? எல்லா மீனுக்கும் ஒரு வலை எண்டு ஆரும் வித்தா நம்மட ஆக்கள் சிரிப்பாங்க. பிளக்கில மட்டும் ஏன் ஏமாறுறீங்க?

ஒரு மாமி கனடாவுக்குப் போறா, மகள்ட பேறு பார்க்க. மிக்சி, ரைஸ் குக்கர், தலைமயிர் காயவைக்கிற மிசின், எல்லாத்தையும் கட்டி வச்சிரிக்கா. “அடப்டர் வாங்கிட்டன், இனிப் பயமில்ல” எண்டா. இங்கதான் பெரிய பிழை. அடப்டர் பிளக்குக்குக் காலை மட்டும்தான் மாத்தும். கரண்டை மாத்தாது. கனடாவில 120 வோல்ட். 230க்குச் செஞ்ச குக்கரை அங்க கொழுவினாக் காற்பங்கு சூடுதான் வரும். அரிசி வேகிறதுக்குள்ள பேரப்புள்ள தவழ்ந்திரும். அங்க வாங்கின 120 வோல்ட் குக்கரை இங்க கொண்டுவந்து கொழுவினாக் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடு. அதுக்கு அடுப்பே வேணாம், குக்கரே எரியும். வோல்ட்டை மாத்திறதுக்கு வேற சாமான், டிரான்ஸ்போமர். குக்கருக்கு ஏத்த டிரான்ஸ்போமரைச் சுமந்துகொண்டு போனாப் புழுக்கொடியல் வைக்கவும் சூட்கேசில இடம் மிஞ்சாது. டொரோண்டோவில புதுக் குக்கர் ஒண்டு வாங்கினா வேலை முடிஞ்சுது.

பாத்திரம் அறிஞ்சு பிச்சை போடு எண்டு பெரியாக்கள் சும்மாவா சொன்னாங்க? கரண்டையும் அப்பிடி அறிஞ்சுதான் கொழுவ வேணும். முந்திச் சவுதியில சில இடத்தில 127 வோல்ட், சில இடத்தில 220. 2010இலதான் எல்லாத்தையும் 230க்குக் கொண்டுவாறது எண்டு அரசாங்கம் தீர்மானிச்சுது. அந்தக் காலத்தில அங்கயிருந்து வந்த ரேடியோ செட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு தட்டு இரிக்கும், 110, 220 எண்டு எழுதி. அதை நகத்த மறந்து கொழுவின வீட்டில பாட்டுக்கு முதல் புகை வந்தது. ஊரே பார்த்திட்டுத்தான் படிச்சுது.

இப்ப உனக்கு அந்தத் தட்டும் வேணாம். போன் சார்ஜரைத் திருப்பிப் பிடி. கண்ணாடி இல்லாம எனக்கு ஏலா, நீ வாசி. ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்’ எண்டு எறும்பு எழுத்தில இரிக்கா? அவ்வளவுதான் சங்கதி. அந்தச் சார்ஜர் ஜப்பான்ட 100 வோல்ட்டிலயும் ஓடும், கட்டார்ட 240லயும் ஓடும். லப்டொப்புக்கும் அனேகமா அப்பிடித்தான். ‘230 வோல்ட்’ எண்டு மட்டும் எழுதியிருந்தாத்தான் யோசிக்க வேணும். இந்த ஒரு வரியை வாசிக்கத் தெரியாமத்தான் ஆயிரக்கணக்கில காசு குடுத்து நீல வெளிச்சம் வாங்கிறீங்க.

வேகச் சார்ஜர் வேணுமெண்டும் நிக்கிறியாம், 100 வாட்டாம். உன்ட போன் எடுக்கிறது 25 வாட். போனும் சார்ஜரும் பேசி, போன் கேட்டதைத்தான் சார்ஜர் குடுக்கும். மிச்சம் 75 வாட்டும் பவுசுக்குத்தான். யூ.எஸ்.பி.-சி வாய் உள்ளதா ஒரு நல்ல சார்ஜர் வாங்கு. ஐபோன்காரனே 2023இல அந்த வாய்க்கு இறங்கி வந்திட்டான். ஐரோப்பாவில 2024 டிசம்பர் 28 தொடக்கம் புதுப் போன் எல்லாத்துக்கும் அந்த வாய்தான் எண்டு சட்டம். உலகம் ஒரு வாய்க்கு வருது, நீ மட்டும் மூண்டு விதமான வயரைச் சுருட்டி வைக்கிறாய். ஆனா மலிவுக் கொப்பிச் சார்ஜர் மட்டும் வாங்காத. லட்ச ரூபாப் போனுக்கு முந்நூறு ரூபாச் சார்ஜரைக் கொழுவிறவனை நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிட?

பவர் பாங்கைச் சூட்கேசுக்கு அடியில ஒளிச்சிராத. அது கைப்பையிலதான் போக வேணும். 100 வாட்-அவர் வரைக்கும் அனேகமாக் கேள்வி இல்ல. 20,000 mAh எண்டு எழுதினது 74 வாட்-அவர்தான் வரும். 27,000 தாண்டினாக் கேள்வி வரும். டுபாய்க்காரன்ட எமிரேட்ஸில 2025 ஒக்டோபர் 1 தொடக்கம் பறக்கக்குள்ள பவர் பாங்கில போனைக் கொழுவவே விடுறதில்ல. பத்து நிமிசம் போன் இல்லாம உனக்கு ஏலாது எண்டு தெரியும். சன்னலால மேகம் பார்.

இப்ப அந்தக் கறுப்புக் குண்டை வெளிய எடு. அந்த இடத்தில கூனி இறால் கருவாடு ஒரு பார்சல் வை, நல்லா மூண்டு உறை போட்டு. கட்டாரில சுவருக்குச் சுவர் சதுர ஓட்டை இரிக்கும். நம்மட ஆத்து இறால் எந்தச் சுவரில கொழுவினாலும் வராது.