மூன்று நட்சத்திரத் தகடு

பெட்டோனி, வெலிங்டன்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

“தோண்டியெடுத்த சாமான் இன்னதென்று தெரிந்ததா, அல்லது அதுவும் உன் பழைய முத்திரை சேர்க்கும் பைத்தியம் போலத்தானா?” என்று போன கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். விடை தெரிந்துவிட்டது, அக்கா. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதனை எழுதினால், அத்தான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிடுவார் என்ற அச்சத்தினால், உலோகந்தேடும் யந்திரத்தின் சரித்திரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குடை பிடித்து ஒருவரும் நடக்கமுடியாத அளவுக்குக் காற்று வீசுகின்ற இந்த ஊரில், ஓய்வுபெற்ற கனவான்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செவிகளில் இரு குமிழ்களைப் பொருத்திக்கொண்டு, நுனியில் வட்டத் தட்டுக் கோத்த ஒரு தடியைக் கடற்கரை மணலின்மேல் இடமும் வலமும் வீசியபடி, பிண்டம் வைக்க இடம் தேடுபவர்களைப் போலக் குனிந்து நடப்பதைக் கண்டு, நானும் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். தட்டினுள் இருக்கும் கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்த, கீழே உலோகம் கிடக்குமாயின் அதில் மின்னோட்டம் பிறந்து மறுமொழி கூறும். அது நம் செவியில் ஓசையாக விழும். இரும்பென்றால் வயிற்றுவலிக்காரனின் முனகல். வெள்ளியென்றால் சின்ன மாமி மாடியிலிருந்து மீன்காரனைக் கூப்பிடுவது போன்ற கீச்சு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஸ்தாயியில்தான் என் துரதிர்ஷ்டம் முழுவதும் குடிகொண்டிருக்கிறது. ஏனெனில் தங்க மோதிரமும், சோடாப் பேணியைத் திறக்கும் அலுமினிய வளையமும் இந்த யந்திரத்துக்கு ஒரே சாதி. மோதிரமென்று நம்பி முழங்காலிட்டு, மணலைத் துழாவி நான் எடுத்த வளையங்கள் இதுவரை 43. உங்கள் மச்சாள் அவற்றை ஒரு போத்தலில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் “இவர் எனக்குத் தேடித் தந்த நகை” என்று காட்டுகிறாள். நம்மூர்ப் பேர வாவிக் கரைக்கு இதனைக் கொண்டுவந்து முடுக்கினால், ஒரு நிமிஷம் ஊளையிட்டு உயிரை விட்டுவிடுமென்று நினைக்கிறேன்.

யந்திரத்தைவிடச் சிக்கலானவை சட்டங்கள். 1900ஆம் ஆண்டுக்கு முன் மனிதர் புழங்கிய தொல்லிடத்தை அனுமதியின்றிக் கிளறலாகாது. மாவோரி மக்களின் புராதனப் பொருள் அகப்பட்டால், 28 நாட்களுக்குள் அமைச்சுக்கோ அருங்காட்சியகத்துக்கோ அறிவிக்கவேண்டும். நியாயந்தான், கண்டவனெல்லாம் அள்ளிக்கொண்டு போன கதை நமக்குத் தெரியாததா? ஆயினும் துருப்பிடித்த ஆணியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது 1899இல் அடித்ததோ 1901இல் அடித்ததோ என்று மழையில் நின்று தியானிப்பவனின் நிலை பரிதாபமானது. அதிலும் பெட்டோனி, 1840இல் ‘அரோரா’ கப்பலில் வந்த குடியேறிகள் இறங்கிய கரை. இங்கே எந்த ஆணிக்கும் வம்சாவளி இருக்கக்கூடும். ஆகவே கடற்கரையைத் துறந்து, சொந்த வீட்டுக் கோடிக்கே திரும்பினேன்.

இந்தப் பைத்தியம் இவ்வளவு முற்றியதற்கு ஒரு மணியே காரணம். 1836 அளவில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வடக்கே ஃபங்காரே பக்கத்தில், மாவோரிப் பெண்கள் வெண்கலப் பாத்திரமொன்றில் உருளைக்கிழங்கு அவிப்பதைக் கண்டார். பெருங்காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததென்றார்களாம். பார்த்தால் அது பாத்திரமன்று, உடைந்த மணி; சுற்றிவர எழுத்து. பிற்பாடு வாசித்தபோது, எழுத்துத் தமிழ்! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று வார்த்திருந்தது. இன்று அது இவ்வூர்த் தே பாப்பா அருங்காட்சியகத்தின் உடைமை. இத்தனை கடல் தாண்டி எப்படி வந்ததென்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எனக்கோ அந்தப் பெயரைக் கண்டதும் வேகந்தப் பள்ளிவாசல் கண்முன் வந்து நின்றது. நம் தெருவில் எத்தனை முகைதீன் நானாமார்! ஒருவருடைய கடன்கொப்பியில் என் பெயர் இன்னும் இருக்கும்.

இந்த மனோநிலையில் இருந்தவனுக்குத்தான், தக்காளிப் பாத்திக்குள், ஒரு சாண் ஆழத்தில், அந்தத் தகடு அகப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், களிம்பேறிய பித்தளை, விளிம்பு தேய்ந்து வழுவழுப்பு, நடுவே முக்கோணமாக மூன்று துவாரங்கள், ஒவ்வொன்றும் நட்சத்திர வடிவம். அயல்வீட்டு முதியவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கப்பல் விளக்கின் மூடியென்றார். அவருடைய சிநேகிதர் குதிரைச் சேணத்து ஆபரணமென்றார். நானோ, மூன்று நட்சத்திரங்களும் மாலுமிகள் திசையறிந்த சூட்சுமமென்றும், முகைதீன் பக்ஸின் ஆட்கள் பெட்டோனி வரைக்கும் வந்ததற்கு இதுவே சாட்சியென்றும், இரவிரவாக விழித்து நாலு பக்க ஆராய்ச்சி எழுதி, அருங்காட்சியகத்துக்கு அனுப்பக் கடிதவுறையும் ஒட்டிவிட்டேன். தகடு அகப்பட்டு அன்று 26ஆம் நாள்.

குசினியிலிருந்து வந்த உங்கள் மச்சாள், ஈரக்கையால் தகட்டை எடுத்து, இருபுறமும் திருப்பிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அலுமாரியின் மேல்தட்டிலிருந்த முறுக்கு உரலை இறக்கி, அதன் அடியில் வைத்தாள். ‘டொக்’ என்று உட்கார்ந்தது.

அக்கா, இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் வந்து திரும்பும்போது நீங்கள் கட்டித்தந்த உரல் அது. அச்சுகளை ஒவ்வொன்றாக வீரகேசரித் தாளில் சுற்றித் தந்திருந்தீர்கள். அந்தத் தாள்களைக் கசக்கி எருக்குழியில் போட்டவன் நான். அந்தக் குழியின்மேல்தான் இப்போது தக்காளி. மூன்று கண் அச்சை மட்டும் நீங்கள் உங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டீர்கள் என்பது இவ்வளவு காலமும் இவளுடைய தாங்கல். தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசும்போது அவள் குரலில் அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். “அக்கா அப்படிச் செய்யமாட்டா” என்று ஒரு தடவையாவது நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கியூ வீதிக் கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் இரவுகளில், அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, எண்ணெய்ச் சட்டியில் விழுவதை எண்ணி எண்ணித் தின்றவனுக்கு அச்சை அடையாளம் தெரியாமற் போனதெப்படி என்று கேட்பீர்கள். ஒருநாளாவது கழுவியிருந்தால் தெரிந்திருக்கும் என்கிறாள் இவள்.

பழப்புளி போட்டுத் துலக்கியும், ஒரு கண்ணில் பெட்டோனிக் களிமண் இறுகியது இறுகியபடியே இருக்கிறது; நேற்றுச் சுட்ட முறுக்கெல்லாம் இரட்டை இழை. அந்த வாசமும் வரவில்லை. ஒரு கொத்து மாவுக்கு ஓமம் எவ்வளவு போடுவீர்களென்று தன் மச்சாளான உங்களிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள். பதிலை அவளுக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தம்பி.