வாராத பெட்டியால் வந்த பெட்டிக்கு நேரும் இடுக்கண்: ஒரு முதனிலை ஆய்வு

இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை. ஆய்வேடுகள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது மரபு. நூலகப் பக்கம் போகாமல் இருந்தால் இதை மனச்சான்றோடும் எழுதலாம்.

கேம் கன்சோல் எனப்படுவது தொலைக்காட்சிக்குக் கீழே தூசியோடு வாழும் பெட்டி. அதை விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில், அடுத்த பெட்டி வரப்போகிறது என்ற செய்தி நுழைந்தால் என்ன நிகழும் என்பதே ஆய்வுச் சிக்கல். இதற்குப் பழைய இலக்கண நூல்களில் விதி கிடைக்காமையால் நானே ஒரு நூற்பா இயற்றினேன்:

வருவது கேட்டார் வாங்கிய தெல்லாம்
பழைய தாகும் பார்த்த கணமே.

அடுத்தது வருகிறது என்று காதில் விழுந்தவுடனே வீட்டில் இருப்பது பழசாகிவிடும் என்றவாறு. பாடபேதம் இல்லை, நேற்று இரவுதான் எழுதினேன். இனிக் கட்டுரை நெடுகிலும் இதுவே மூலநூல் (நான், மேலே).

தலவரலாறு

இந்நோய்க்கு வணிக உலகம் வைத்த பெயர் ஆஸ்போர்ன் விளைவு. ஆடம் ஆஸ்போர்ன் 1981இல் ஆஸ்போர்ன் 1 என்னும் கணினியை 1,795 டாலருக்கு விற்றார். திரை 5 அங்குலம், எடை ஏறத்தாழ 11 கிலோ. கையோடு எடுத்துச் செல்லலாம் என்பது விற்றவர் கூற்று. எடுத்துச் சென்றவர் கூற்றை ஏடுகள் பதிவுசெய்யவில்லை. 1983இல், இதைவிட நல்ல மாதிரி வருகிறது என்ற பேச்சு சரக்குக்கு முன்னால் ஓடியது. கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இங்கே ஒரு முக்கியக் கண்டுபிடிப்பு. ஆடமின் தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். மகன் சிறுவயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில். 2003இல் மறைந்தது கொடைக்கானலில். ஆகவே இக்கோட்பாடு கலிபோர்னியாவுக்கு உரியதன்று, நமக்கே உரியது என்று தயங்காமல் நிறுவலாம். இதைவிடச் சிறிய சான்றுகளை வைத்துக்கொண்டு நம் அறிஞர்கள் கடலடியிலிருந்து கண்டத்தையே தூக்கியிருக்கிறார்கள்.

நிறுவனம் சாய்ந்ததற்கு உண்மைக் காரணம் பெரிய திரையோடு வந்த கேப்ரோ என்ற போட்டிக் கணினிதான் என்பாரும் உளர். இருக்கலாம். ஆனால் அக்காரணத்துக்கு எவரும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாத உண்மைக்கு அடிக்குறிப்பு போட முடியாது.

வகைப்பாடு

பெட்டி வாங்குவோர் ஐவர். முன்பே வாங்கியோர், நேற்று வாங்கியோர், காத்திருப்போர், பிள்ளைக்கு வாங்குவோர், வாங்காதோர்.

முன்பே வாங்கியோருக்கு வருத்தமில்லை. எனவே ஆய்வுக்குப் பயனில்லை.

நேற்று வாங்கியோரே இத்துறையின் செல்வம். சேகா நிறுவனம் 1994 நவம்பரில் அமெரிக்காவில் 32எக்ஸ் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருந்த ஜெனிசிஸ் பெட்டியின் தலையில் இதைச் செருகிவிட்டால் பெட்டிக்கு இளமை திரும்பும் என்பது ஏற்பாடு. விலை சுமார் 160 டாலர். அதே நவம்பரில், அதே சேகா, ஜப்பானில் சாட்டர்ன் என்ற புத்தம்புதுப் பெட்டியை இறக்கியது. இவ்வாறாக 32எக்ஸ் வாங்கியவர் உறையைப் பிரிப்பதற்குள் பழமைவாதி ஆனார். உலகின் பிற பொருள்கள் பழசாக வேண்டுமானால் முதலில் புதிதாக இருந்தாக வேண்டும். 32எக்ஸ் இந்த இடைநிலையைத் தாண்டிக் குதித்தது.

மைக்ரோசாஃப்ட் இதை மேலும் நுட்பமாக்கியது. 2016 ஜூனில் நடந்த இ3 கண்காட்சியில் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் என்ற புதுப் பெட்டியை அறிமுகம் செய்து, அதே மேடையில், அதே நிகழ்ச்சியில், இதைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள ஸ்கார்ப்பியோ அடுத்த ஆண்டு வரும் என்றும் சொன்னது. எஸ் கடைக்கு வந்தது அந்த ஆகஸ்டில்தான். அதாவது நேற்று வாங்கியோராக இருப்பதற்கு வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் ஒழிந்தது (நான், இதே கட்டுரை, முன்பத்தி, அதை வழிமொழிந்து நான், இதே பத்தி).

அற்றேல், எதையும் அறிவிக்காமல் இருந்தால் நோய் தீராதோ எனின், தீராது. சாட்டர்ன் 1995 செப்டம்பரில் வரும் என்று அமெரிக்காவில் சொல்லிவைத்த சேகா, மே மாதத்திலேயே மேடையேறி, பெட்டி இதோ, சில கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர் என்றது. காத்திருப்போருக்குக் காத்திருக்க அவகாசமே கொடுக்காத அரிய சிகிச்சை. சரக்கு கிடைக்காத கடைகள் சினந்தன. கேம் எழுதுவோர் செப்டம்பரை நம்பி எழுதிக்கொண்டிருந்தனர். அன்றே சோனி தன் பிளேஸ்டேஷன் 299 டாலர் என்றது. சொன்னால் இருக்கும் பெட்டி சாகும். சொல்லாவிட்டால் வரும் பெட்டி சாகும் என்பது துணிபு.

அறிவிப்பின் படிநிலைகள்

இப்பகுதி வேண்டுமென்றே நீளும்.

அறிவிப்பு ஒன்றே என்று எண்ணுவது கல்லாதார் வழக்கு. 2024 மே மாதம் நிண்டெண்டோவின் தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா ஒரு செய்தி வெளியிட்டார்: ஸ்விட்ச் பெட்டியின் வாரிசு பற்றி இந்த நிதியாண்டுக்குள் அறிவிப்போம். இது அறிவிப்பு அன்று. அறிவிப்பு வரும் என்னும் அறிவிப்பு. 2025 ஜனவரி 16 அன்று ஒரு சிறு காணொளி வந்தது. அதில் பெட்டி தெரிந்தது, ஆனால் விலையும் நாளும் தெரியவில்லை. அவை தெரியவிருக்கும் நாளாக ஏப்ரல் 2 தெரிந்தது. இது அறிவிப்பால் வந்த அறிவிப்பில் அடுத்த அறிவிப்புக்கான அறிவிப்பு. ஏப்ரல் 2 அன்று, பெட்டி ஜூன் 5 அன்று வரும், விலை 449.99 டாலர் என்றார்கள். அமெரிக்காவில் முன்பதிவு ஏப்ரல் 9 என்றும் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, இறக்குமதி வரிக் குழப்பத்தால் முன்பதிவு அன்று இல்லை என்றார்கள். முன் சொன்ன அறிவிப்பை விழுங்கும் அறிவிப்பாகிய இதனை எதிர்மறை அறிவிப்பு என்க. ஏப்ரல் 24 அன்று முன்பதிவு தொடங்கியது. (இவ்வைந்தையும் ஆறாகப் பகுக்கும் கருத்துக்குக் காண்க: நான், இக்கட்டுரையின் வெளிவரவிருக்கும் திருத்திய பதிப்பு, நீக்கப்படவிருக்கும் அடிக்குறிப்பு, அதன் மறுப்புக்கு: சலவைக்குப் போன என் சட்டைப் பையிலிருந்த தாள், பின்பக்கம், மை கரைந்த பகுதி.)

இவ்வளவும் நடந்த காலத்தில் பழைய ஸ்விட்ச் என்ன ஆனது? 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 1 கோடியே 57 லட்சம் பெட்டிகள் விற்றன. அடுத்த ஆண்டில் 1 கோடியே 8 லட்சம். சரிவுதான். என் நூற்பாவுக்கு வெற்றி என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வாரிசு வருவது ஊரறிந்த பிறகும் ஒரு கோடிப் பேர் மூதாதையை வாங்கியிருக்கிறார்களே! எட்டு வயதான பெட்டி, ஏற்கனவே வீடுதோறும் இருக்கும் பெட்டி. அதற்கு இது சரிவா, சாதனையா? பழைய கேம்களில் பெரும்பாலானவை புதுப் பெட்டியிலும் ஓடும் என்று சொல்லிவிட்டதால், இன்று வாங்கும் கேம் நாளை அனாதையாகாது என்ற தைரியம் ஒரு காரணமாகலாம். இந்தச் செய்தி என் கோட்பாட்டுக்குப் பொருந்தவில்லை. ஆதலால் புறனடையில் சேர்க்கிறேன்.

நான்காம் வகையினராகிய பிள்ளைக்கு வாங்குவோர், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்குவர். வீட்டுக்குப் போனபின் பிள்ளையிடமிருந்து வரலாறு கற்பர்.

காத்திருப்போர் இயல்

காத்திருப்போர் ஒரு காலத்தில் ஞானிகள். சோனி 1999 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 பற்றி வாய் திறந்தது. சேகாவின் டிரீம்காஸ்ட் அமெரிக்கக் கடைக்கு வந்ததே அந்த செப்டம்பரில்தான். டிரீம்காஸ்ட் நல்ல பெட்டி என்று அதை வாங்காதவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, வாங்காமல் இருந்தார்கள். 2001 ஜனவரி இறுதியில், உற்பத்தியை நிறுத்துகிறோம் என்றது சேகா. பிளேஸ்டேஷன் 2க்கு அமெரிக்க விலை 2000இல் 299 டாலர், 2002இல் 199, 2009இல் 99. பொறுத்தவருக்குப் பெட்டி மலியும் என்பது அப்போது இயற்கை விதி.

அவ்விதி இப்போது தலைகீழ். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது 49,990 ரூபாய். அடுத்த ஆண்டு நவம்பரில் 54,990. அமெரிக்காவில் 2020இல் 499.99 டாலராக இருந்தது 2025 ஆகஸ்டில் 549.99 ஆனது. அதே ஆகஸ்டில், 2017இல் 299.99 டாலருக்கு வந்த பழைய ஸ்விட்ச், தன் வாரிசு கடைக்கு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு, 339.99 டாலர் ஆனது. வாரிசு வந்ததும் மூதாதைக்கு விலை ஏறும் என்று எந்த ஆஸ்போர்னும் எழுதிவைக்கவில்லை. விலை குறையட்டும் என்று எட்டாண்டு தவம் இருந்தவருக்கு 40 டாலர் அபராதம். உயர்வுக்குக் காரணம் சந்தை நிலைமை என்று நிறுவனத்தார் உரை கூறினர். எதற்கும் பொருந்தும் உரை என்பதால் அதை அப்படியே என் ஆய்விலும் வழிமொழிகிறேன்.

ஐந்தாம் வகையினராகிய வாங்காதோர், மேற்கண்ட விலைகளை நாள் வாரியாக மனப்பாடம் சொல்வர். இக்கட்டுரைக்கான தரவுகளில் பாதி அவர்கள் அருளியது.

திருத்திய பதிப்பு வருகிறது என்று மேலே குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்த பத்திரிகை ஆசிரியர், அதுவே வரட்டும் என்று சொல்லி, இந்தப் பதிப்புக்கான சன்மானத்தை நிறுத்திவைத்திருக்கிறார். 2025 ஆகஸ்ட் நிலவரப்படி பழையதற்குத்தான் விலை ஏற வேண்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன். முடிவு எப்போது தெரியும் என்பதை இந்த நிதியாண்டுக்குள் தெரிவிப்பாராம்.