கறிவேப்பிலைப் புழுவின் குலமுறை கிளத்தல்

ஆய்வுக்களம், திருப்பதியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு. ஆய்வுப்பொருள், கறிவேப்பிலைச் செடியில் கிடந்த பறவை எச்சம். எச்சம் நகர்ந்தபோது ஆய்வு தொடங்கியது.

முதற்கண் சொல்லாராய்ச்சி. சித்தூரிலிருந்து வந்திருந்த மாமியார் 'கம்பளிப்பூச்சி' என்றார். பக்கத்து வீட்டம்மாள் தெலுங்கில் 'கொங்களி புருகு' என்றார். இரண்டு சொல்லுக்கும் கம்பளிதான் மூலம். புழுவின் மேலோ ஒரு மயிரும் இல்லை. சான்றோர் இருவரும் தள்ளுபடி.

எருக்கம்புழுவானால் தொல்லையில்லை. முதுகில் கறுப்புக் கொம்பிழை மூன்று ஜோடி என்றால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. அரளியில் நான்கு ஜோடி என்றால் வெண்புள்ளிக் கருப்பன். எண்ணத் தெரிந்தால் போதும். கறிவேப்பிலையில் அந்தக் கணக்குச் செல்லாது. எலுமிச்சை அழகியும் இதில்தான் முட்டையிடுகிறாள், கறிவேப்பிலை அழகியும் இதில்தான். இருவர் பிள்ளைகளும் இளமையில் எச்ச வேடம். (இருவருக்கும் 1758-இல் பெயர் சூட்டிய லின்னேயஸ் என் பின்கட்டுக்கு வரவில்லை.)

குறிகளை நான் வரைந்து முடிப்பதற்குள் புழு தோலுரித்துப் பச்சையாகிவிட்டது. என் குறிப்பேடு அந்தத் தோலோடு போயிற்று. இப்போது மார்புப் பக்கம் இரண்டு கண்கள் முறைத்தன. அவையும் போலி, அசல் கண்கள் தலையில் பக்கத்துக்கு ஆறு, கடுகிலும் சிறியவை. பென்சிலால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய்க் கவட்டைபோல ஒன்று நீண்டது, கூடவே நெடி. பறவையானால் பறந்திருக்கும். ஆய்வாளன் ஆகையால் முகர்ந்து பார்த்தேன்.

2022-இல் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்தைப் பிரித்தபோதுகூட எந்த ஊர் எந்தப் பக்கம் என்று சொல்ல அரசாணை இருந்தது. இங்கே அதுவும் இல்லை. ஆகவே காத்திருத்தல் என்னும் முறையியலைக் கையாண்டேன்.

புழு இடுப்பில் பட்டுநூல் கட்டிக் கூட்டுப்புழுவாயிற்று. பிறகு ஒரு காலை, கறுப்புச் சிறகில் வெள்ளையும் சிவப்புமாக வெளிவந்தது. படத்தோடு ஒப்பிட்டால் அச்சு அசல் ரோஜா அழகி! ஆனால் ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை இனத்தைத் தவிர வேறொன்றைத் தின்னாதே? உடலைப் பார்த்தேன். ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு, இதற்குக் கறுப்பு. நஞ்சுள்ளவளின் கோலத்தில் பறவைகளை ஏய்க்கும் கறிவேப்பிலை அழகியின் பெண் இவள். தெலுங்கில் பட்டாம்பூச்சிக்குச் 'சீதாகோகசிலுக' என்று பெயர். கோக என்றால் புடவை. இவள் கட்டியிருந்தது இரவல் புடவை.

முடிவை மாமியாரிடம் அறிவித்தேன்.

“அது சரிங்க மாப்பிள்ளை, ரசத்துக்குக் கறிவேப்பிலை?”

செடியில் ஈர்க்கு மட்டும் இருந்தது.