டிகாப்ரியோ மரம்

கேள்வி: 'டைட்டானிக்' டிகாப்ரியோவின் பெயரை மரத்துக்கு வைத்தது ரசிகர் மன்றமா?

பதில்: விஞ்ஞானிகள்! கேமரூன் நாட்டு எபோ காட்டில் மரம் வெட்ட அரசு அனுமதி தந்தபோது, எதிர்த்தவர்களோடு அவரும் குரல் கொடுத்தார். 2020-இல் அனுமதி ரத்தானது. அந்த நன்றிக்கு, அங்கே கிடைத்த புது மரத்துக்கு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவினர் 2022-இல் 'உவாரியோப்சிஸ் டிகாப்ரியோ' என்று பெயரிட்டார்கள். படத்தில் மரப்பலகை இடம் தரவில்லை. நிஜத்தில் மரமே தந்துவிட்டது.

நம் சீத்தாப்பழக் குடும்பம். 4 மீட்டர்தான் உயரம். பளபளக்கும் மஞ்சள்பச்சைப் பூக்கள், பலாவில் காய் தொங்குவதுபோல, அடிமரத்திலேயே கொத்தாகப் பூக்கும். கண்ணில் பட்ட மரங்கள் 50-க்கும் குறைவு. எபோவைத் தேசியப் பூங்காவாக்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது. முதலில் அதை அறிவிக்கட்டும்.