அருவி இலவசம், எண்ணெய் தனி

குற்றாலத்தில் அருவி இலவசம். எண்ணெய்த் தேய்ப்புக்குத்தான் காசு. வீட்டுக் கணினிக்கான இலவச மருந்துகளும் அந்த ரகம்தான். மத்தளம்பாறை ஜோஹோவிலிருந்து உலகத்துக்கே மென்பொருள் போகிற தென்காசிப் பக்கத்திலும், கணினி மந்தமானால் ஒரு கிளீனர், கூடவே ஒரு ஆன்டிவைரஸ் என்பதே கைவைத்தியம். 2017இல் சிகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே தீநிரல் புகுந்து, 22 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணினிகளில் குடியேறியது. பயனர்கள் எந்தெந்தத் தளங்களை மேய்ந்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது அமெரிக்க வர்த்தக ஆணையம், 2024இல். காவலுக்கு ஏன் கூலி கேட்கவில்லை என்பது அப்போது விளங்கியது.

அப்படியானால் இலவசமே ஆகாதா என்பீர்கள். ஆகும். நிரலை எவரும் பிரித்துப் பார்க்கக்கூடிய கிளாம்ஏவி ஆன்டிவைரஸ் இருக்கிறது. விண்டோஸோடு டிஃபெண்டரும் சும்மாவே வருகிறது. நாம் வேறொரு ஆன்டிவைரஸை நிறுவியதும், பாவம், மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது.