கால் எட்டாத சைக்கிள் வாங்க எளிய வழிகள்

சைக்கிள் வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். பாராட்டுகள். கடைக்குக் கிளம்பும்போது பர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், போனை எடுத்துக்கொள்ளுங்கள், கால்கள் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இதுவரை வாங்கிய எந்தச் சைக்கிளுக்கும் அவற்றின் கருத்தை நீங்கள் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆரம்பித்தால் தலைமேல் ஏறிவிடும்.

1. அளவெடுக்காதீர்கள்.

ஆபத்தான வேலை அது. செருப்பைக் கழற்றி, சுவரோடு முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் நன்றாக மேலேற்றி அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை டேப் பிடித்தால் ஓர் எண் கிடைத்துத் தொலைக்கும். அதை 0.67-ஆல் பெருக்கினால் ரோடு பைக்குக்கான ஃபிரேம் அளவு சென்டிமீட்டரில் ஏறத்தாழ வந்துவிடும். 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம்வரை இருக்கவேண்டிய உயரம். டூர் தெ பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. அவருக்கு ஓட்டுகிற வேலை இருந்தது, அளந்தார். உங்களுக்கு என்ன வந்தது? அந்தக் கோலத்தில் வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் பதில் சொல்லவும் முடியாது.

2. உயரத்தை மட்டும் சொல்லுங்கள்.

அதிலும், கல்யாணத் தரகரிடம் சொன்ன உயரத்தைச் சொல்லுங்கள். 170 செ.மீ. என்றால் 173. கடைச் சுவரிலுள்ள அட்டவணை அதைத்தான் கேட்கிறது. பாவம், அதற்கு வேறொன்றும் தெரியாது. 170 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கவட்டிலிருந்து தரைவரை 76 இருக்கலாம், மற்றவருக்கு 82. கணக்குப்படி முதலாமவருக்கு 51 ஃபிரேம், இரண்டாமவருக்கு 55. அட்டவணை இருவரையும் ஒரே கட்டத்தில் உட்கார வைத்துவிடும். காலே பிரதானமாக வளர்ந்தவர் சீட்டைத் தூக்குவார். ஹேண்டில்பார் பாதாளத்தில் தெரியும். உடம்பே பிரதானமாக வளர்ந்தவருக்கு ஃபிரேமின் மேல் பார் கவட்டில் இடிக்கும்; காலுக்குப் பார்த்துச் சின்னதாக எடுத்தாலோ முழங்கை மடங்கி விலாவில் குத்தும். நீங்கள் கூட்டிச் சொன்ன 3 செ.மீ. உங்களை அடுத்த கட்டத்துக்கு ஏற்றிவிட்டால் இன்னும் விசேஷம்.

3. சக்கரத்தைக் கேளுங்கள்.

"29 இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நுழையுங்கள். 26, 27.5, 29 எல்லாம் சக்கரத்தின் இன்ச். ஃபிரேம் அளவு 15, 17, 19 என்று சீட் கம்பி இறங்கும் குழாயில் சின்ன ஸ்டிக்கராக இருக்கும். குனிந்து பார்க்காதீர்கள். பெரிய மனுஷனுக்குப் பெரிய சக்கரம், முடிந்தது.

4. பாருக்கு மேலே நின்று பார்க்காதீர்கள்.

சைக்கிளைக் கால்களுக்கு நடுவே விட்டு, இரண்டு பாதமும் தரையில் பதிய நின்றால், ரோடு பைக்கில் பாருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ.யாவது இடைவெளி வேண்டும், கரடுமுரடான பாதையில் ஓட்டுகிற சைக்கிளில் இன்னும் அதிகம் வேண்டும் என்பார்கள். பயந்தாங்கொள்ளிகள். நம் தாத்தாக்கள் 28 இன்ச் சக்கரம் போட்ட கறுப்புச் சைக்கிளில், இடது பெடலில் கால் வைத்துத் தத்தித் தத்தி ஓடி, வலது காலைப் பின்னால் வீசி ஏறினார்கள். இறங்குவதும் அதே வித்தைதான். பாருக்கு மேலே அவர்கள் நின்றதே இல்லை, இடைவெளி எதற்கு? அந்த வித்தை உங்களுக்கும் வருமா என்பதை, முன்னால் போகும் ஆட்டோ திடீரென்று நிற்கும்போது தெரிந்துகொள்வீர்கள். தெரிந்துகொள்ளும் இடம் கொஞ்சம் அந்தரங்கமானது.

5. பிள்ளைக்கு வாங்கும்போது ஜோசியம் பாருங்கள்.

"வளர்ற பிள்ளை" என்ற இரண்டு சொல் போதும், கடைக்காரர் மறுபேச்சு பேசமாட்டார். பத்து வயதுப் பெண்ணுக்குப் பதிமூன்று வயதுச் சைக்கிளை எடுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் ஒரு பக்கம்தான் எட்டும். இடுப்பை இடமும் வலமும் வீசி ஓட்டுவாள். பிரேக் பிடிக்கு விரல் எட்டாது. எட்டாத பிரேக் தேயாது, செலவு மிச்சம்.

குரங்கு பெடல் போட்டு நாமெல்லாம் கற்றுக்கொள்ளவில்லையா என்று அவளுக்குச் சொல்லுங்கள். பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, அரைச் சுற்று மிதித்து ஊரையே வலம் வந்த பரம்பரை நாம். வீட்டில் அப்பாவின் சைக்கிளைத் தவிர வேறு இல்லை என்பதால்தான் அப்படி ஓட்டினோம் என்பதைச் சொல்லவேண்டாம், வீரம் குறைந்துவிடும். அரசுப் பள்ளியில் 11-ஆம் வகுப்பில் தரும் விலையில்லாச் சைக்கிளையும் உதாரணம் காட்டலாம். அங்கே கால் பார்த்தா கொடுக்கிறார்கள்? லட்சக்கணக்கில் வாங்குகிற அரசுக்கு ஒவ்வொரு காலையும் பார்க்காததற்கு ஒரு நியாயமாவது உண்டு. நீங்கள் வாங்குவது ஒன்றே ஒன்று, ஒரே ஒரு பிள்ளைக்கு. இருந்தாலும் பார்க்காதீர்கள்.

மூன்று வருஷத்தில் அவள் சைக்கிளுக்குச் சரியாக வளர்ந்துவிடுவாள். அதற்குள் டயர் வெடிப்பு விட்டிருக்கும், செயின் துருவேறியிருக்கும். அப்போது தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். அவனுக்கு ஏழு வயது.

6. தப்பை எல்லாம் சீட்டில் சரிசெய்யுங்கள்.

ஃபிரேம் சிறிதா? சீட் கம்பியை உருவுங்கள். இதற்குமேல் வெளியே எடுக்காதே என்று அதில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது அழகுக்கு. கோட்டைத் தாண்டினால் கம்பி வளையும், சில நாள் ஃபிரேமே விரியும். நீங்கள் மேலே இருக்கும்போதுதான் விரியும். ஃபிரேம் பெரிதா? சீட்டை அடிவரை இறக்குங்கள், பாதம் இரண்டும் தரையில் அப்பி நிற்கும்வரை.

சரியான உயரம் கண்டுபிடிப்பது அவமானகரமான அளவுக்குச் சுலபம்: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீளவேண்டும், முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். ஆகவே மறந்துவிடுங்கள், வலி தானே வழிகாட்டும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. முட்டிக்குப் பின்னால் இழுத்தால், இடுப்பு ஆடினால், சீட் உயர்ந்திருக்கிறது. எது வலித்தாலும் தைலம்.

7. கை எட்டாவிட்டால் சீட்டை முன்னால் தள்ளுங்கள்.

முட்டியும் சேர்ந்து முன்னால் போய்ப் பெடல் மிதிக்கும் நிலை கெடும். அது கையின் பிரச்சினை இல்லையே. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற குட்டைக் கம்பியை இரண்டு செ.மீ. குட்டையானதாக மாற்றினாலே சில பேருக்குச் சரியாகிவிடும். அந்த மலிவான வழிக்குப் போகாதீர்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் ஜெல் கையுறை. உட்காரும் இடம் புண்ணானால் ஜெல் சீட் கவர். அதற்கு மேல் பஞ்சு வைத்த கால்சட்டை. இதற்கெல்லாம் ஆகிற பணத்தில் வேறு ஃபிரேம் வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொல்வார். காதில் ஹெல்மெட் வாரை இறுக்குங்கள்.

8. தள்ளுபடிக்குக் காத்திருங்கள்.

நடுத்தர உடம்புக்காரர்கள் தங்கள் அளவை அள்ளிக்கொண்டு போன பிறகு மிஞ்சுவது மிகப் பெரியதும் மிகச் சிறியதும்தான். நாற்பது சதவீதத் தள்ளுபடி என்று பார்த்ததும் உங்கள் கால் நீளும் என்று நம்பி வாங்குங்கள். தப்பித்தவறி மீடியம் மிஞ்சியிருந்தாலும், ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் அல்ல. சீட் கம்பி இறங்கும் குழாயை மேல்நுனிவரை அளப்பவர் ஒருவர், பார் வந்து சேரும் மையத்தோடு நிறுத்துகிறவர் இன்னொருவர். கம்பெனியின் அளவுப் பட்டியலை எட்டிப் பார்க்காதீர்கள்.

9. உடனே நெடுந்தூரம் கிளம்புங்கள்.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது சின்னப் பிள்ளைத்தனம். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். அடுத்த வாரமே பிரெவே என்கிற 200 கி.மீ. நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். கழுத்து, முதுகு, மணிக்கட்டு, முட்டி எல்லாம் வரிசையாக வந்து அறிமுகம் செய்துகொள்ள அது தாராளம்.

10. விற்றுவிடுங்கள்.

"குறைவாக ஓட்டியது" என்று விளம்பரம் கொடுங்கள். இதில் பொய்யே இல்லை. பார்க்க வருகிறவர் உங்களைவிட நாலு விரல் குட்டையா? தயங்காதீர்கள். அவர் வருவதற்குள் சீட்டை அடிவரை இறக்கி வையுங்கள். ஏறி உட்கார்ந்து கட்டைவிரல் நுனியால் அவர் தரையைத் துழாவும்போது, சைக்கிளை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்: "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்."